இரண்டு பாஷை தெரிந்த வீடு

பள்ளிக்கூட மேசையை வெளியே தூக்கிவந்து வெயிலில் போட்டு, அதன் மேல் ஏறி நின்றுதான் அந்த ராணுவ அதிகாரி பேசினார். மேசைக்குக் கீழே, அவருடைய சப்பாத்துக்கு நேராகத் தலை வரும்படி, என் புருஷன் நின்றார். அதிகாரி சிங்களத்தில் சொல்வதை இவர் எங்கள் சனத்துக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் விடியற்காலை வீட்டுக்கு ஜீப் அனுப்பிக் கூட்டிப்போனார்கள்.

அதிகாரி சொன்னது இவ்வளவு. ஆறு மணிக்குப் பிறகு றோட்டில் நிற்பவர்கள் சுடப்படுவார்கள். கறுப்புக்கொடி கட்டும் வீட்டில் ஆண்பிள்ளை எவனோ அவன் பிடித்துச் செல்லப்படுவான். நாளை முதல் வீட்டுக்கு ஒருவன் முகாமுக்குப் பாதை வெட்ட வர வேண்டும். வராத வீட்டின் மாடு அவிழ்த்துக் கொண்டுபோகப்படும்.

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆறு மணிக்குப் பிறகு ஆரும் வெளியில போகாதேங்கோ, கட்டாயம் சுடுவினம். கறுப்புக்கொடி கட்டாதேங்கோ, பிடிப்பினம். முகாமுக்குப் பாதை வெட்ட ஆள் வேணுமாம். விருப்பமானவை வரலாம்."

பெண்கள் கூட்டத்தில் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நின்ற நான் நிமிர்ந்து இவரைப் பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் இரண்டு பாஷையும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மாடு எங்கே போனது? 'விருப்பமானவை' எங்கிருந்து வந்தது?

அதிகாரி இவரைக் குனிந்து பார்த்தார். இவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. முற்றத்து மண்ணையே பார்த்தபடி நின்றார்.

பாண் போட்டவர்

எங்களுக்கு அந்தப் பாஷை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். கலியாணம் முடித்த கையோடு இவர் என்னைத் தெற்கே ஒரு கடலோரப் பட்டினத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பேக்கரியில் இவருக்குப் பாண், அதாவது ரொட்டி, போடும் வேலை. பின்வளவில் எங்களுக்கு ஒரு அறை. மாவு புளிக்கும் மணத்தோடுதான் நான் குடும்பம் நடத்தப் பழகினேன். பாஷையைக் கிணற்றடியில் பழகினேன். வாளியைக் காட்டி, கயிற்றைக் காட்டி, ஒருத்தியின் வயிற்றைக் காட்டி எத்தனையாம் மாதம் என்று கேட்டு, அப்படித்தான்.

பிறகு கலவரம் வந்தது. அதைப்பற்றி இந்தத் தொடரின் முந்திய வாரங்களில் போதுமான அளவு எழுதிவிட்டேன். கிணற்றடிப் பெண்களில் ஒருத்திதான் எங்களைத் தன் அடுப்படியில் ஒளித்துவைத்தாள் என்பதை மட்டும் இன்னொருமுறை சொல்லவேண்டும். கட்டின துணியோடு வடக்கே வந்து சேர்ந்தோம்.

சொந்த இடமான யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஒரு பிடி நிலமும் கிடையாது. கிளிநொச்சிப் பக்கம் குளத்துத் தண்ணீரில் நெல் விளைவிக்கும் குடியேற்றத் திட்டமொன்றில் காணி கிடைத்தது. எங்கள் வாய்க்காலோரம் இருந்தவர்கள் எல்லாரும் எங்களைப்போல யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். காடு வெட்டிய கட்டைகள் இன்னும் வயலில் நின்றன. பக்கத்துக் காணி வேலுப்பிள்ளையண்ணையுடையது. அவருடைய மனைவி செல்லம்மாக்கா. எனக்கு முதற்பிள்ளை வயிற்றிலேயே அழிந்தபோது என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை இருந்தவர் செல்லம்மாக்காதான்.

இவர் வயல் வேலை அரைகுறையாகப் பழகினார். ஆனால் வீட்டுக்குப் பின்னால் களிமண்ணால் ஒரு போறணை அடுப்புக் கட்டி, கிழமைக்கொருமுறை பாண் சுட்டார். சுடச்சுட வேலிக்கு மேலால் நாலு வீட்டுக்கும் போகும். கொலனியில் எல்லாரும் இவரைப் 'பாண் கந்தசாமி' என்றார்கள்.

அந்த வருசம்தான் சிங்களம் மட்டும் என்ற சட்டத்தை எதிர்த்து, கச்சேரி என்கிற அரசாங்க அலுவலக வாசல்களில் சனம் குந்தியிருந்து வழிமறித்தது. அவசரகாலச் சட்டம் வந்தது. வடக்குக்கு ஆமி வந்தது. எங்கள் கொலனிப் பள்ளிக்கூடம் முகாம் ஆனது.

விருப்பமானவை வரலாம்

முதல் நாள் வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"என்ன வேலை பார்த்தனீங்கள்? அவனுக்குத் தெரியவந்தால்?"

"அவனுக்கு ஒரு சொல்லுத் தமிழ் தெரியாது," என்றார். "மாட்டை அவிழ்ப்பன் எண்டு நான் சொல்லியிருந்தால் வேலுப்பிள்ளையண்ணை அதில நிண்டே கல்லெடுத்திருப்பார். பேந்து அவங்கள் துவக்கெடுப்பாங்கள். நடுவில நிக்கிறவன் நான்."

"அண்ணையிட்டையாவது சொல்லிவையுங்கோ."

"ஒருத்தருக்குத் தெரிஞ்சால் வாய்க்கால் முழுக்கத் தெரியும். உமக்கு நான் சொல்லேல்லை, நீராக் கேட்டனீர். அதோட விடும்."

பாதை வெட்ட ஒருவரும் போகவில்லை. அதிகாரி ஏன் என்று கேட்டபோது, வீட்டுக்கு வீடு காய்ச்சல், படுத்த படுக்கையாக இருக்கிறார்கள் என்று இவர் சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். அதிகாரி தலையாட்டிவிட்டுத் தன் சிப்பாய்களையே வெட்டச் சொன்னார்.

சனமும் சும்மா இருக்கவில்லை. எதிர்ப்பு என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ஒரு கூட்டம் கூடவில்லை. ஆனால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் காது மந்தமானது. ஜீப் வழி கேட்டால் மிகவும் பணிவாக வழி காட்டினார்கள். அந்த வழி சேற்றில் போய் முடிந்தது. முகாமுக்குப் பக்கத்துக் கிணற்றில் கயிறு அடிக்கடி அறுந்தது. அதிகாரி தெருவில் வந்தால் ஆண்கள் சால்வையை இடுப்பில் கட்டி, சிரித்த முகத்தோடு, கைகூப்பியபடி வாயில் வந்ததையெல்லாம் சொன்னார்கள். செல்லம்மாக்கா ஒருநாள், "வாங்கோ ராசா, மயிர்க்கொட்டிப் புழு மீசைக்காரா, உன்னைப் பெத்தவள் அண்டைக்குக் கண்ணை மூடிக்கொண்டோ பெத்தவள்?" என்று கேட்டார். குரலில் அவ்வளவு அன்பு. அதிகாரி சிரித்துத் தலையசைத்தார். நாங்கள் குசினிக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

வெயிலில் குடை

கொழும்பிலிருந்து பெரிய இடத்து ஆள் ஒருவர் எங்கள் றோட்டால் போகப்போகிறார் என்று தெரிந்தது. கறுப்புக்கொடி கூடாது என்று மறுபடியும் அறிவித்தார்கள். இவர் அதை மாற்றாமல்தான் சொன்னார்.

அன்று காலை முற்றம் கூட்ட வெளியே வந்த நான் விளக்குமாறோடு அப்படியே நின்றேன். வாய்க்காலோரம் கண்ணுக்கெட்டிய தூரம் குடைகள். விரித்த கறுப்புக் குடைகள். வேலியில், முற்றத்தில், வைக்கோற்போரின் மேல். ஒரு துளி மழையில்லை, வானத்தில் ஒரு முகில் இல்லை. யார் யாருக்குச் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் வீட்டுக்குச் சொல்லவில்லை. ஜீப்பில் போகிறவரின் வீடல்லவா.

வேலுப்பிள்ளையண்ணை மூன்று வைத்திருந்தார். ஒன்றில் துணியே இல்லை, கம்பி மட்டும்தான்.

பெரிய இடத்துக் கார் வேகம் குறைக்காமல் போய்விட்டது. பின்னால் வந்த ஜீப்தான் வேலுப்பிள்ளையண்ணையின் வேலிப் படலை வாசலில் நின்றது. அதிகாரி இறங்கினார். இவரும் இறங்கினார். அக்கம்பக்கத்து ஆண்கள் ஆறேழு பேர் கைகட்டி வந்து நின்றார்கள். நான் வேலிக்கு இந்தப் பக்கம்.

ஏன் இந்தக் குடைகள் என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். இவர் தமிழில் கேட்டார். வேலுப்பிள்ளையண்ணை இரண்டு கையையும் கூப்பி, கோயிலில் நிற்பதுபோல் நின்று சொன்னார்.

"இவையின்ர ஆட்சி செத்துப்போச்சு, அதுக்கு இழவு கொண்டாடுறம் எண்டு சொல்லு."

இவர் ஒரு கணம்கூட நிற்கவில்லை. "வருசத்துக்கொருமுறை வெயிலில் போடாவிட்டால் குடைத்துணியைப் பூச்சி அரித்துவிடும் ஐயா, அதுதான்," என்று சிங்களத்தில் சொன்னார்.

அதிகாரி போய் அந்தக் கம்பிக் குடையை விரலால் தட்டினார். இதையும் பூச்சி அரித்ததா என்று கேட்டார்.

"ஓம் ஐயா, முழுக்க."

அதிகாரி சிரித்தார். சிப்பாய்களும் சிரித்தார்கள். எங்கள் ஆண்களும் வேறு காரணத்துக்காகச் சிரித்தார்கள். நான் மட்டும் வேலிக்கம்பைப் பிடித்தபடி நின்றேன்.

அந்த வாரமே ஜீப் திரும்ப வந்தது. கஞ்சி குடித்துக்கொண்டிருந்த வேலுப்பிள்ளையண்ணையைக் கை கழுவவிடாமல் ஏற்றிக்கொண்டு போனார்கள். அரசாங்கத்துக்கு விரோதமான பேச்சு என்பது குற்றச்சாட்டு. வவுனியாவுக்குக் கொண்டுபோனார்கள் என்று ஒரு கதை. அதற்கும் அப்பால் என்று இன்னொரு கதை.

அதே முகம்

அவர் சொன்னது தமிழில். கேட்டவர்கள் தமிழர்கள். சிங்களத்தில் எடுத்துச் சொல்லக்கூடியவர் அங்கே ஒருவர்தான் நின்றார். சனம் கணக்குப் பார்க்க அதிக நேரம் எடுக்கவில்லை.

ஒருவரும் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலாவது சொல்லியிருக்கலாம். கூட்டுறவுக் கடையில் நான் நுழைந்ததும் கதை நின்றது. "சுகமோ தங்கச்சி" என்று சிரித்தார்கள். எங்கேயோ பார்த்த சிரிப்பு. ஆமிக்காரருக்குக் காட்டுகிற அதே முகம். அதே பணிவு, அதே மந்தக் காது. நானும் சேர்ந்து பழகியதுதான் அது. இப்போது எங்கள் பக்கம் திரும்பியிருந்தது.

பாண் சுட்ட நாளில் வழக்கம்போல் செல்லம்மாக்காவின் வேலியில் ஒன்றை வைத்தேன். மறுநாள் அது அப்படியே இருந்தது, எறும்பு மொய்த்தபடி. நெல் அறுக்கும் அருவி வெட்டு வந்தது. ஒருவர் வயலுக்கு எல்லாரும் போய் முறை மாறி வெட்டுவதுதான் எங்கள் வழக்கம். எங்கள் முறைக்கு ஒருவரும் வரவில்லை. நானும் இவரும் மட்டும் வெட்டினோம். கதிர் முற்றிக் காலடியில் கொட்டிக்கொண்டிருந்தது.

வேலியடியில் ஒருநாள் செல்லம்மாக்காவை மறித்தேன்.

"அக்கா, அவர் சொல்லேல்லை. என்ர தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுறன்."

"அப்ப பூச்சியோ போய்ச் சொன்னது?" என்றார் செல்லம்மாக்கா. 'பூச்சி' அவர் வாயில் தற்செயலாக வந்ததுதான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இரண்டு நாக்கு உள்ள வீட்டில எங்களுக்கு என்ன கதை, தங்கச்சி."

இவரிடம் சொன்னேன். இவர் அரிவாளைத் தீட்டிக்கொண்டே, "அண்ணை திரும்பி வரட்டும்," என்றார். அன்று சாப்பிடவில்லை.

தலைமையாசிரியர் அறை

என்னால் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதாக இவரிடம் சொல்லிவிட்டு ஒரு காலை முகாமுக்குப் போனேன். வாசலில் நின்ற சிப்பாயிடம் சிங்களத்தில் பேசினேன். அவன் ஆச்சரியப்பட்டு உள்ளே விட்டான்.

அதிகாரி தலைமையாசிரியரின் அறையில் இருந்தார். கரும்பலகையில் பிள்ளைகள் எழுதிய வாய்பாடு இன்னும் அழியாமல் இருந்தது. அவருக்கு முன்னால் டின்பால் தேத்தண்ணீர். கிட்டத்தில் பார்த்தபோது மிகவும் இளம் வயது, என்னைவிடக் குறைவு.

கிணற்றடிச் சிங்களத்தில் சொன்னேன். வேலுப்பிள்ளை நல்ல மனுசன், சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், யாரோ பொய் சொல்லியிருக்கிறார்கள், ஐயா பார்த்து விட்டுவிட வேண்டும் என்று. அவர் முழுவதும் கேட்டார். பிறகு எதிரே இருந்த கதிரையைக் காட்டினார்.

"இருங்கோ அக்கா. ஏன் நிண்டுகொண்டு கதைக்கிறியள்?"

நான் இருக்கவில்லை. எனக்குப் பின்னால் வேறு யாரோ பேசுவதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. எங்கள் தமிழ். கொழும்புத் தமிழ்கூட இல்லை, வன்னித் தமிழ்.

"நான் ஓமந்தையில வளர்ந்தனான்," என்றார். "அப்பாவுக்கு ரெயில்வேயில வேலை. என்னோட விளையாடின பெடியள் எல்லாம் தமிழ்ப் பெடியள்."

"அப்ப... முதல் நாளிலயிருந்தோ?"

"முதல் நாளிலயிருந்துதான். 'விருப்பமானவை வரலாம்.' வடிவாச் சொன்னார் உங்கட மனுசன்."

கதிரையின் சாய்வைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் விட்டனீங்கள்?"

"பாதை வெட்ட ஆள் வராதது எனக்குப் பெரிய விஷயமில்லை. நான் சொன்னதை அவர் அப்பிடியே சொல்லியிருந்தால் ஆராவது கல்லெறிஞ்சிருப்பினம். நான் சுடச் சொல்லவேண்டி வந்திருக்கும். அதுதான் எனக்குப் பெரிய விஷயம்."

"வேலுப்பிள்ளையண்ணை?"

அவர் கோப்பையை வைத்தார். "மேலயிருந்து கேட்டாங்கள், இவ்வளவு குடை விரிச்சிருக்கு, ஒருத்தனையும் பிடிக்கேல்லையோ எண்டு. ஒருத்தரைக் குடுக்கவேண்டி இருந்தது. அவர்தான் சத்தமாச் சொன்னவர்."

சந்தையில் ஒரு கத்தரிக்காயை எடுத்துக் கொடுத்ததுபோலச் சொன்னார்.

"தமிழ் தெரியும் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அண்ணை வாயைத் திறந்திருக்கமாட்டார்," என்றேன்.

"தெரியாதவனுக்கு முன்னால சனம் ஒளிக்காமல் கதைக்கும் அக்கா. அதுக்குத்தான் சொல்லேல்லை." கரும்பலகைப் பக்கம் திரும்பினார். "இதை வெளியில சொல்லாதேங்கோ. எனக்குத் தமிழ் தெரியும் எண்டது வெளியில வந்தால், உங்கட மனுசன் மாத்திச் சொன்னது எனக்குத் தெரியும் எண்டதும் வரும். பேந்து நான் அவரையும் பிடிக்கவேணும்."

மிரட்டவில்லை. இரக்கப்பட்டுச் சொல்வதுபோல்தான் சொன்னார். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று நினைவில்லை. வரும் வழியெல்லாம் அவருக்கு முன்னால் நாங்கள் சொன்ன ஒவ்வொன்றும் காதில் கேட்டது. மயிர்க்கொட்டி மீசை. யார் வீட்டு மகன் யாழ்ப்பாணத்துக்கு மறியலுக்குப் போனான் என்ற கதை. எல்லாவற்றுக்கும் அவர் தலையசைத்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.

இவரைக் காப்பாற்றுகிற உண்மை என் வாய்க்குள் இருந்தது. அதை வெளியே விட்டால் இவர் போய்விடுவார். செல்லம்மாக்கா வேலியடியில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பும்போதெல்லாம் அது தொண்டைவரை வந்து திரும்பிப் போகும். இவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த முறை மேசையடியில் நிற்கும்போது இவருடைய நாக்குத் தடுக்கும். தடுக்கினால் எல்லாம் போய்விடும். ஒவ்வொரு நாளும் இவர் ஜீப்பில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

படலையில்

கடைசியில் முகாமைத் தூக்கினார்கள். அதிகாரி ஜீப்பில் போகும்போது யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை.

சில நாள் கழித்து, இவர் வேலி கட்டிக்கொண்டிருந்த ஒரு பகலில், வேலுப்பிள்ளையண்ணை வாய்க்கால் வரம்பால் நடந்துவந்தார். எனக்கு ஆளைத் தெரியவில்லை. தலை மழித்திருந்தது. முன்பல் இரண்டு இல்லை. பின்னால் செல்லம்மாக்கா அழுதுகொண்டு ஓடிவந்தார். அயலும் வந்தது. அவர் தன் வீட்டைத் தாண்டி எங்கள் படலைக்கு வந்து நின்றார்.

"கந்தசாமி, அவனுக்குத் தமிழ் தெரியும்."

"ஆருக்கு அண்ணை?"

"கப்டனுக்கு. என்னைத் தமிழிலதான் விசாரிச்சவன். 'ஆற்ர இழவு கொண்டாடினனீர்' எண்டு என்ர சொல்லையே என்னட்டைத் திருப்பிக் கேட்டவன். நீர் பூச்சி எண்டு சொல்லி என்னைக் காப்பாத்தப் பார்த்ததையும் அவன்தான் சொன்னவன்."

இவருடைய கையிலிருந்த கத்தி நழுவி விழுந்தது. அப்படியே வேலியடியில் குந்திவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உமக்குத் தெரியுமோ?"

தலையாட்டினேன். இவருடைய உதடுகள் அசைந்தன. மாடு, காய்ச்சல், பூச்சி என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது. அத்தனை நாளும் வராத பயம் முழுவதும் அந்த இடத்தில் ஒன்றாக வந்து இவரைப் பிடித்தது. முகம் சாம்பல் பூத்துப்போனது.

செல்லம்மாக்கா குனிந்து இவருடைய தோளைத் தொட்டார். "தம்பி, நாங்கள் பாவியள். நீர் எங்களுக்காக எல்லாத்தையும் மாத்திச் சொல்லியிருக்கிறீர், நாங்கள்..."

"நான் ஒண்டையும் மாத்திச் சொல்லேல்லை அக்கா," என்றார் இவர்.

"எங்கட மனுசனே சொல்லுறார்..."

"அவன் சொன்னதைத்தான் நான் சொன்னனான். ஒரு சொல்லும் மாத்தேல்லை." குரல் கம்மிப்போயிருந்தது. "இவன் போனால் இன்னொருத்தன் வருவான். அவனுக்கும் எல்லாம் விளங்கும்."

வேலுப்பிள்ளையண்ணை மெதுவாக வந்து இவருக்குப் பக்கத்தில் மண்ணில் இருந்தார். பிறகு நிமிர்ந்து, சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

"கந்தசாமி சொல்லுறது சரி. இவர் ஒண்டையும் மாத்திச் சொல்லேல்லை. எனக்குத்தான் காது பிழைச்சுப்போச்சு. எல்லாருக்கும் விளங்கிச்சுதோ?"

"ஓம்," என்றார் செல்லம்மாக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. மற்றவர்களும் ஒவ்வொருவராக, "ஓம், ஓம்" என்றார்கள். சிரிக்காமல் சொன்னார்கள்.

அன்று பின்னேரம் இவருக்குக் காய்ச்சல் பிடித்தது. செல்லம்மாக்காதான் என்னோடு இருந்து கஞ்சி வைத்தார். அதன் பிறகு எத்தனையோ ஆட்சி, எத்தனையோ அவசரகாலச் சட்டம் வந்து போயின. யார் வந்து கேட்டாலும் எங்கள் வாய்க்காலோரம் அந்த ஒரே பதிலைத்தான் சொன்னது. இவர் சாகும்வரை என்னிடம்கூட ஒப்புக்கொள்ளவில்லை.

இன்று அந்த மேசைக்குக் கீழே நின்றவரும் இல்லை, மேலே நின்றவர் எங்கே என்றும் தெரியாது. வேலுப்பிள்ளையண்ணையும் போய்விட்டார், செல்லம்மாக்காவும் போய்விட்டார். இனி யாரும் வந்து பிடிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன். அவர் மாற்றித்தான் சொன்னார். நான் இரண்டு பாஷையிலும் கேட்டேன்.